தக்காளிக்குக் காவல் நிற்கும் பாட்டுகள்

ஒவ்வொரு கோடையிலும் அம்மா எங்கள் ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் தக்காளி வைப்பார். குருவி கொத்தாமல் இருக்க நாலு கம்பு நட்டு, நூல் கட்டி, சீடிகளைத் தொங்கவிடுவார். காற்றடித்தால் அவை சுழன்று மின்னும். குருவிகள் கொஞ்சம் பயப்படும். அணில்கள் ஒன்றுக்கும் பயப்படாது.

அந்தச் சீடிகளில் இருப்பது எங்கள் பாட்டு. 2012 இல் 300 சீடி அடித்தோம். 50 விற்றது, அதிலும் முக்கால்வாசி மாமாமாரும் மாமிமாரும் வாங்கியது. ஒரு 40 சும்மா கொடுத்தோம். மிச்சம் கராஜில், பனிச் சப்பாத்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். வருடத்துக்குப் பத்து தக்காளிக்குப் போகிறது. அம்மாவுக்கு இன்னும் சில வருடத்துக்குக் கவலையில்லை.

இதைப் பகிடியாகச் சொல்லிச் சொல்லியே பல வருடம் போய்விட்டது. "நீங்கள் முந்தி ஒரு பாண்ட் வைச்சிருந்தனீங்கள் என்ன?" என்று யாராவது கேட்டால் தக்காளிக் கதையைச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள், கதை வேறு பக்கம் போய்விடும். இன்றைக்குப் பகிடி இல்லாமல் எழுதப் பார்க்கிறேன். போன மாதம் பழைய மடிக்கணினி ஒன்றில் சீடியில் இல்லாத ஒரு பதிவு கிடைத்தது. பாண்ட் ஏன் உடைந்தது என்று கேட்கிறவர்களுக்கு "யூனிவர்சிட்டி, வேலை, நேரமில்லை" என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன். அந்தப் பதிவைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நாங்கள் நாலு பேர், நாலு பேரும் ரொறன்ரோவில் பிறந்தவர்கள். நான் கிட்டார். பாட்டெழுதுவதும் நான்தான், வேறு யாரும் முன்வராததால். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் கீபோர்ட். அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி எட்டு வருடம் மிருதங்கம் பழகி, அரங்கேற்றம் நெருங்கியபோது அதை விட்டுவிட்டு டிரம்ஸுக்கு வந்தவன். (அவன் அம்மா எங்களை இன்னும் மன்னிக்கவில்லை.) பாடியது என் மச்சாள், மாமாவின் மகள். "என்ன, பாணோ? பேக்கரி போடப் போறியளோ?" என்று மாமா முதல் நாளே கேட்டார். அந்தப் பகிடியை நாலு வருடமும் விடவில்லை.

தொடங்கியது 2009 இல். டிரம்ஸ்காரன் வீட்டுப் பேஸ்மென்டில்தான் பயிற்சி. அங்கேதான் உடுப்புத் தோய்க்கும் மெஷினும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஐந்து பேரின் உடுப்பு. மெஷின் கடைசியில் வேகமாகச் சுற்றத் தொடங்கினால் இவனும் தன்னை அறியாமல் வேகத்தைக் கூட்டுவான். "மெஷினை விட்டிட்டு எங்களைக் கேள்" என்று மச்சாள் கத்துவாள்.

எங்கள் ஆசைகளைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. எட்டுப் பாட்டில் ஒரு அல்பம். இந்தியாவிலிருந்து பெரிய இசையமைப்பாளர் யாராவது இங்கே நிகழ்ச்சிக்கு வந்தால் அவருக்கு முன்னால் மேடையில் பத்து நிமிடம். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து ஒரு ஃபோன். அந்த ஃபோனில் என்ன சொல்வார்கள், நாங்கள் அங்கே போய் எங்கே தங்குவோம், என்ன செய்வோம், ஒருவரும் யோசித்ததில்லை. ஃபோன் வரும், அவ்வளவுதான். உண்மையில் எங்களுக்குக் கிடைத்த மேடைகள் இரண்டு பிறந்தநாள், மூன்று சாமத்தியவீடு. சாமத்தியவீட்டில் பெண்ணைப் பல்லக்கில் கொண்டுவருவதற்கும் சாப்பாட்டு மேசையைக் கூப்பிடுவதற்கும் இடையில் பதினைந்து நிமிடம் தருவார்கள். சனம் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும். சினிமாப் பாட்டு வாசித்தால் கை தட்டும். சொந்தப் பாட்டு என்றால் சாப்பாட்டு வரிசை கொஞ்சம் முந்தியே தொடங்கிவிடும்.

சொந்தப் பாட்டுகள் எல்லாம் நல்லவை என்று பொய் சொல்ல மாட்டேன். எட்டில் ஐந்து மோசம். இரண்டு, அந்தக் காலத்துச் சினிமாக் காதல் பாட்டுகளைச் சட்டை மாற்றி எழுதியவை. நான் ஒரு நாளும் பார்க்காத தென்றலும் தாமரைக் குளமும் அவற்றில் தாராளமாக உண்டு. ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த குளம் பனி உருகினால் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் தண்ணீர்தான். ஆனால் ஒரு பாட்டு வேறு மாதிரி. இரவு வேலைக்குக் கடைசி பஸ் பிடித்துப் போகும் அப்பாவை ஜன்னலால் பார்க்கும் ஒரு மகளின் பாட்டு. எங்கள் நாலு வீட்டிலும் அப்பாமார் ஏதோ ஒரு காலத்தில் இரவு வேலை செய்தவர்கள். எங்கள் வாயில் வரும் தமிழிலேயே அதை எழுதினேன். "நைட் சிஃப்ட்" என்றே இருந்தது. "கதைக்கிறது" என்று இருந்தது. இருபது நிமிடத்தில் எழுதிய ஒரே பாட்டு அது.

2010 மார்கழியில் ஒரு ஞாயிறு அதை முதல் தரம் முழுதாக வாசித்தோம். என் ஃபோனை ஒரு அரிசிச் சாக்கின் மேல் வைத்துப் பதிந்தேன். நான் மடிக்கணினியில் கண்டெடுத்தது அந்தப் பதிவைத்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் காசு சேர்த்து ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். மணிக்கு 40 டொலர். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பாடுவது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, காதில் டிக் டிக் என்று சத்தம் போட்டுப் பதிந்தார்கள். பிறகு மச்சாளின் குரலை ஆட்டோ-டியூனில் போட்டார்கள். அது 1997 இல் வந்த மென்பொருள். அதைச் செய்த ஆண்டி ஹில்டெப்ராண்ட் அதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நிலத்துக்கு அடியில் போய்த் திரும்பி வரும் ஒலி அலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் குரலில் வைத்தார். சுருதி கொஞ்சம் விலகினால் பக்கத்துச் சரியான சுரத்துக்கு அது இழுத்துவிடும். எங்கள் பிரச்சினை அது இல்லை. மச்சாள் ஒன்பது வருடம் கர்நாடக சங்கீதம் பழகியவள், அவளுக்குச் சுருதி விலகாது. மென்பொருள் அவள் கமகத்தைப் பிழை என்று நினைத்து நேராக்கியது. கேட்ட எங்களுக்கோ "ஆ, இப்பத்தான் பாட்டு மாதிரி இருக்கு" என்று சந்தோஷம்.

அந்தப் பதிவை வானொலியில் பாட்டுப் போடும் ஒருவருக்கு அனுப்பினோம். நல்ல மனிதர், கேட்டுவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தார். "இசை நல்லா இருக்கு தம்பி. பிள்ளையின்ர தமிழ்தான் சரியில்லை. இதைப் போட்டால் ஆக்கள் எனக்கு அடிச்சுப் பேசுவினம்" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. மச்சாளுக்கு ழ வராது. அவள் "மழை" என்றால் நடுவில் ஆங்கில ஆர் ஒன்று உருளும். பல்லில் பட வேண்டிய த கொஞ்சம் பின்னால் போய்ப் படும். உங்களில் பாதிப் பேருக்கும் இப்படித்தான் வரும். எனக்கும் அப்படித்தான், நான் பாடாததால் தப்பினேன். இதில் ஒரு வேடிக்கை, யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் அப்பாமாருக்கும் பேச்சில் ழ வராது. "மளை", "வாளைப்பளம்" என்றுதான் சொல்வார்கள். அதை ஊர்ப் பேச்சு என்போம். பிள்ளை ழ-வை வேறு பக்கம் உருட்டினால் மட்டும் தமிழ் செத்துவிட்டது என்போம்.

நாங்கள் மூன்று பையன்களும் ஒரு கோப்பிக் கடையில் இருந்து முடிவெடுத்தோம். இணையத்தில் தேடினால் சென்னையில் காசுக்குப் பாடிக் கொடுக்கும் ஒரு பாடகி கிடைத்தார். இசையை அனுப்பினோம், நாலு நாளில் குரல் வந்தது. என்ன குரல்! ஒரு பிசிறு இல்லை. "கதைக்கிறது என்ற சொல் எனக்குப் பழக்கமில்லை, பேசுவது என்று வைக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். வைக்கச் சொன்னேன். பிறகு நானாகவே "நைட் சிஃப்ட்"டை எடுத்துவிட்டு "இரவுப் பணி" என்று போட்டேன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொடுத்த வேலையை நன்றாகச் செய்தார். ஆனால் சீடியில் அந்தப் பாட்டைக் கேட்டால், யாரோ ஒரு தந்தை, ஏதோ ஒரு ஊரில், எந்தப் பஸ்ஸிலோ போகிறார்.

மச்சாளுக்கு இதை நான் நேரில் சொல்லவில்லை. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், மூன்று வரி. "உன் குரலில் பிழையில்லை, ரேடியோவுக்காகத்தான்" என்று ஏதோ எழுதினேன். "ஓகே" என்று பதில் வந்தது. சீடி வெளியீட்டுக்கு வந்தாள், கை தட்டினாள், பெட்டி தூக்க உதவினாள். அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. பாடகி இல்லாமல் மூன்று பேர் சில மாதம் வாசித்துப் பார்த்தோம். 2013 இல் டிரம்ஸை விற்றோம்.

நேரமில்லாமல் பாண்ட் உடையவில்லை. எங்களிடம் இருந்த ஒரே பாட்டுக்காரியை நாங்களே அனுப்பிவிட்டோம்.

இதை எழுதும்போது ஒரு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். உச்சரிப்பு முக்கியமில்லை என்று நான் வாதாட வரவில்லை. அவளுடைய சங்கீத ரீச்சர் ஒன்பது வருடமும் ஒவ்வொரு வகுப்பிலும் அவள் ழ-வைத் திருத்தினார். அதற்காக அவள் ஒரு நாளும் அழவில்லை. திருத்திய பிறகும் அடுத்த கிழமை வகுப்பு இருந்தது. நாங்கள் திருத்தவில்லை. "இந்த வரியை இன்னொரு தரம் பாடு" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளை மாற்றினோம்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. எங்களுக்கு வேறு வழியைக் காட்ட ஆட்கள் இருந்தார்கள். அப்பாவின் பழைய கசட்டுகளில் 1970களின் இலங்கைப் பொப் பாட்டுகள் இருந்தன. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே", ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி". நித்தி கனகரத்தினம் கிட்டாரை வைத்துக்கொண்டு ஊர்ப் பேச்சிலேயே பாடினார். "சுராங்கனி"யில் சிங்களமும் தமிழும் கலந்து கிடக்கும். சென்னையில் இருப்பவருக்கு விளங்குமோ என்று பார்த்து அவர்கள் பாடவில்லை. கடைசியில் "சுராங்கனி" இந்தியா முழுக்கப் போனது. எங்கள் காலத்துக்குக் கிட்டப் பார்த்தால், 2005 இல் மாயா அருள்பிரகாசம் லண்டனில் இருந்து தன் அப்பாவின் பெயரை வைத்து "அருளர்" என்று ஒரு அல்பம் போட்டார். ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரு பெட்டியில் தட்டித் தட்டித்தான் முதல் பாட்டுகளைச் செய்தார். பாட்டில் இருப்பது அவர் வளர்ந்த தெருவின் ஆங்கிலம். எங்கள் டிரம்ஸ்காரன் வீட்டுச் சுவரில் அவர் படம் ஒட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் மச்சாளின் பேச்சு வெளியே தெரியக் கூடாது என்று பயந்தோம்.

இரவல் ஆசையில் தொடங்குவது பிழை இல்லை. 1958 இல் லிவர்பூலில் குவாரிமென் என்ற ஒரு பள்ளிக்கூடப் பாண்ட் ஒரு வீட்டில் இருந்த சின்னப் பதிவுக்கூடத்துக்குப் போய் இரண்டு பாட்டுப் பதிந்தது. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஒரு பியானோக்காரர், ஒரு டிரம்ஸ்காரர். ஒரு பக்கத்தில் அமெரிக்கரான பட்டி ஹொலியின் பாட்டு. லெனன் அதை அமெரிக்கனைப் போலவே பாடப் பார்க்கிறார். மறுபக்கம் தாங்களே எழுதியது. ஒரே ஒரு தட்டுத்தான். ஆளுக்கு ஒரு கிழமை என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பியானோக்காரரிடம் வந்ததும் அது அங்கேயே தங்கிவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் அவர் வைத்திருந்து, 1981 இல் மெக்கார்ட்னி அதை அவரிடம் வாங்கினார். 1995 இல்தான் மற்றவர்கள் கேட்டோம். கரகரவென்று ஒரு பதிவு. அவர்கள் பிறகு பீட்டில்ஸ் ஆகாவிட்டால் அந்தத் தட்டு யாரோ ஒருவரின் அலமாரியிலேயே இருந்திருக்கும். இருந்தாலும் அந்த ஐந்து பேர் அந்தக் கிழமைகளில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் எங்கள் அரிசிச் சாக்குப் பதிவை ஒரு தரம் கேட்டுவிட்டு வெட்கப்பட்டோம்.

எனக்கு அதைவிடக் கிட்டத்தில் நிற்பது இன்னொரு பாண்ட். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஃப்ரீமொன்ட் என்ற சின்ன ஊரில், ஒரு அப்பா தன் மகள்மாரைப் பள்ளிக்கூடத்தால் மறித்து, கிட்டாரும் டிரம்ஸும் வாங்கிக் கொடுத்து பாண்ட் ஆக்கினார். பாண்டின் பெயர் த ஷாக்ஸ். பிள்ளைகள் புகழ் பெறுவார்கள் என்று அவருடைய அம்மா கைரேகை பார்த்துச் சொல்லியிருந்தாராம். 1969 இல் ஒரு அல்பம் வந்தது. தாளம் ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. பிற்காலத்தில் அதைத் தேடித் தேடிக் கேட்கிற ஆட்கள் உருவானார்கள், 1980 இல் மறுபடியும் வெளியிட்டார்கள். ஆனால் 1975 இல் அப்பா செத்ததும் மகள்மார் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அரங்கேற்றம் முடிந்த அடுத்த நாள் சலங்கையைக் கழற்றி வைத்த எத்தனையோ தங்கச்சிமாரை எனக்குத் தெரியும். அந்த ஷாக்ஸ் கதையை வாசித்தபோது அவர்கள் முகங்கள்தான் வந்தன. எங்களை ஒரு அப்பாவும் பிடித்து வைக்கவில்லை. ஆனால் எங்கள் காதுக்குள் ஒரு சென்னை இருந்தது, அது சரி என்று சொல்லுமா என்று பார்த்துப் பார்த்தே வாசித்தோம். நாங்கள் ஒருவரும் அந்த நகரத்துக்குப் போனதுகூட இல்லை.

சரி, அந்தப் பதிவு. ஐந்து நிமிடம் பத்து விநாடி. முதல் நாற்பது விநாடி நாலு பேரும் சண்டை. பிறகு மெஷின் சத்தம். கிட்டாரில் ஒரு கம்பி சுருதி இறங்கியிருக்கிறது, அது என் பிழை. மேலே யாரோ நடக்கிறார்கள். மச்சாள் பாடத் தொடங்குகிறாள். "நைட் சிஃப்ட்" என்று அவள் சொல்லும்போது அது அவள் வீட்டுச் சொல். அப்பா படியால் இறங்குகிற இடத்தில் குரலில் ஒரு கமகம் வருகிறது. ஸ்டூடியோவில் நேராக்கிப் போட்டோமே, அதே கமகம். ழ வருகிற இடமெல்லாம் உருள்கிறது. இரண்டாவது சரணத்தில் மெஷின் வேகம் எடுக்க, டிரம்ஸ் அதோடு ஓட, அவள் சிரித்துக்கொண்டே துரத்திப் பாடுகிறாள். வாகனத்துக்குள் இருந்து கேட்டேன். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

2019 இல் மைஸ்பேஸ் தளம், 2003 முதல் 2015 வரை ஆட்கள் அதில் ஏற்றிய பாட்டுகள் அழிந்துவிட்டன என்று அறிவித்தது. ஐந்து கோடிக்கு மேல் பாட்டுகள் என்று அப்போது செய்திகளில் வந்தது. அவற்றில் எத்தனை பேஸ்மென்ட் பாண்டுகள் இருந்திருக்கும். எங்கள் பாட்டு அதில் இல்லை. அதை அழிக்க எங்களுக்கு ஒரு தளமும் தேவைப்படவில்லை. ஸ்டூடியோப் பதிவு வந்த அன்றே ஃபோனில் இருந்ததை நான்தான் அழித்தேன். மடிக்கணினியில் ஒரு பிரதி இருந்தது எனக்கே தெரியாது. ஆகவே உங்களில் யாராவது இப்போது பேஸ்மென்டில் வாசித்துக்கொண்டிருந்தால், ஃபோனில் இருப்பதை இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள், திகதி எழுதி வையுங்கள். நல்லதா கெட்டதா என்று அந்தக் கிழமையே முடிவெடுக்க வேண்டாம். அந்த வயதில் எங்கள் காதை நம்பியிருக்கக் கூடாது.

பதிவை மச்சாளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது நாலு வயதில் ஒரு மகள். பிள்ளை என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைத்தாள். நான் தமிழில் ஏதோ கேட்க, தாயைப் பார்த்தாள்.

"நீ பிள்ளையோட தமிழ் கதைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"அம்மா கதைக்கிறவ. நான் கதைக்கிறேல்ல" என்றாள். "என்ர தமிழ் பிழை தானே. பிழையாப் பழக்கினால் பிறகு மாத்தேலாது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பால் சூடாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் கொண்டுபோன மன்னிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏதோ சொன்னேன், சரியாக வரவில்லை. "விடு, எப்பவோ நடந்தது" என்றாள். பிறகு, "அதில என்ர குரல் நல்லாத்தான் இருந்திருக்கு என்ன" என்றாள்.

இதை எழுதலாமா என்று கேட்டபோது எழுதச் சொன்னாள், பெயர் போடக் கூடாது என்றாள். பாட்டை இதோடு போடலாமா என்றும் கேட்டேன். இப்ப வேண்டாம், யோசிச்சுச் சொல்கிறேன் என்றாள். ஆகவே உங்களுக்குக் கேட்கத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. சீடி வேண்டுமென்றால் அம்மாவிடம் இருக்கிறது, ஆனால் அதில் அவள் இல்லை.